பெட்டியில் எழுதிய வோல்ட்டும் லயத்துச் சுவரும்

தீபாவளி முற்பணம் கைக்கு வரும் வாரத்தில் ஹட்டன் டவுன் ஹார்ட்வெயார் கடைகளின் முன்வாசலில் சார்ஜ் ட்ரில் பெட்டிகள் அடுக்கியிருக்கும். ஒரு பெட்டியில் 48 வோல்ட் என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கும். பக்கத்துப் பெட்டியில் 88. இன்னொன்றில் 128. வாங்க வருகிறவர்கள் அந்த எண்ணைப் பார்த்துத்தான் எடுக்கிறார்கள். வேறு எதைப் பார்க்க வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. இந்த மலிவுப் பெட்டிகளில் பெரும்பாலானவற்றுக்குள் இருப்பது ஒரே சங்கதி: 5 லித்தியம் செல்களை வரிசையாகக் கோத்த ஒரு பெட்டரி. முழுக்க சார்ஜ் ஏறிய ஒரு செல் 4.2 வோல்ட் கொடுக்கும். ஐந்துக்கு 21. பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும் அதற்கு மேல் அந்த மெஷினில் வோல்ட் கிடையாது.

டிக்கோயாப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். அதனால் வீட்டில் ஒரு மல்டிமீட்டர் எப்போதும் கிடக்கும். பக்கத்து வீட்டு அக்கா புதிதாக வாங்கி வந்த 48 வோல்ட் மெஷினின் பெட்டரியை இரவு முழுக்க சார்ஜில் போட்டுக் காலையில் அளந்தோம். 20.6 காட்டியது. "அப்ப மிச்சம் எங்க டீச்சர்?" என்று கேட்டார். கொழுந்து பறித்துச் சேர்த்த காசு அது. அந்தக் கேள்விதான் என்னை இதை எழுத வைத்தது.

எங்கள் பகுதியில் ஆம்பிளைகள் பலருக்குக் கொழும்பில் வேலை. என் கணவரும் அங்கேதான். கதவுக் கொண்டி கழன்றால், தகரம் காற்றில் தூக்கினால், பிள்ளைகளின் புத்தகத்துக்கு ஒரு தட்டு அடிக்க வேண்டுமென்றால், லீவில் வரும்வரை காத்திருக்க முடியாது. பாஸைக் கூப்பிட்டால் ஒரு ஸ்க்ரூவுக்காக அரைநாள் கூலி. ஆகவே இந்த மெஷின் எங்களுக்கு அவசியமான சாமான். அதைச் சரியாக வாங்குவதும் அவசியம்.

வோல்ட்டிலிருந்தே தொடங்குகிறேன். நல்ல கொம்பனிகளின் பெட்டரியில்கூட சிலவற்றில் 18 என்றும் சிலவற்றில் 20 என்றும் இருக்கும். இரண்டும் ஒன்றே. வேலை செய்யும்போது ஒரு செல் சராசரியாக 3.6 வோல்ட் கொடுக்கும் என்று கணக்கிட்டால் ஐந்துக்கு 18 வரும். சார்ஜரிலிருந்து கழற்றிய உடனே ஒரு செல் 4 வோல்ட்டுக்கு மேல் காட்டும். அதை வைத்து 20 என்கிறார்கள். அதேபோல 3 செல் போட்டால் 10.8, அதை 12 என்று விற்கிறார்கள். இது பொய் இல்லை, இருவேறு கணக்கு. 48, 88, 128 என்பவற்றுக்கு எந்தக் கணக்கும் இல்லை.

வோல்ட்டுக்குப் பக்கத்தில் அம்பியர்-மணி என்று ஓர் எண் இருக்கும்: 1.5, 2, 4. எங்கள் பீலியை வைத்து இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பேன். தண்ணீர் எவ்வளவு உயரத்திலிருந்து வருகிறதோ அவ்வளவு வேகமாக விழும், அது வோல்ட். மேலே தொட்டியில் எவ்வளவு தேங்கியிருக்கிறதோ அவ்வளவு நேரம் வரும், அது அம்பியர்-மணி. இரண்டையும் பெருக்கினால் வருவது வோட்-மணி, அதாவது பெட்டரிக்குள் இருக்கும் மொத்த வேலை. 18 வோல்ட், 2 அம்பியர்-மணி என்றால் 36. 10.8 வோல்ட், 2 அம்பியர்-மணி என்றால் 21.6. கடையில் இரண்டு மெஷினை ஒப்பிடும்போது இந்த ஒரு பெருக்கலைப் போட்டால் போதும், பளபளக்கும் எழுத்தெல்லாம் ஒதுங்கிவிடும்.

அம்பியர்-மணியிலும் ஏமாற்று உண்டு. ட்ரில் பெட்டரிகளில் அதிகம் வருவது 18650 என்ற உருளைச் செல்: 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் நீளம், ஒன்று சுமார் 45 கிராம். ட்ரில் இழுக்கும் மின்னோட்டத்தைத் தாங்கக்கூடிய நல்ல 18650 ஒன்றில் 3 அம்பியர்-மணிக்கு மேல் எதிர்பார்க்க முடியாது. ஐந்து செல்லை ஒரே வரிசையாகக் கோத்தால் வோல்ட் கூடும், அம்பியர்-மணி கூடாது. ஆகவே 5 செல் மட்டுமே கொள்ளும் சின்னப் பெட்டரியில் 6 என்று எழுதியிருந்தால் அது உண்மையாக இருக்க வழியில்லை. கடைக்காரரிடம் ஆணி நிறுக்கும் தராசு இருக்கும். பெட்டரியை அதில் வைத்துப் பாருங்கள். 5 செல்லின் எடை மட்டும் 225 கிராம், 10 செல் என்றால் 450. உறையின் எடை இதற்கு மேல். பெரிய பெட்டரி என்று சொல்லி விற்பது கையில் லேசாக இருந்தால் உள்ளே செல் குறைவு. எங்கள் சித்தப்பா மகன் போன் ரிப்பெயார் செய்கிறவன். செத்துப்போன ஒரு பெட்டரியைப் பிரித்துக் காட்டினான்: பத்துச் செல்லுக்கு இடம் விட்ட உறைக்குள் ஐந்து செல்லும் வெறும் பிளாஸ்டிக்கும். (லித்தியம் பெட்டரியை வீட்டில் பிரிக்காதீர்கள். இரண்டு முனையும் தவறித் தொட்டால் தீப்பிடிக்கும்.)

இனி சுவர். எந்த மெஷின் வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது நீங்கள் துளைக்கப்போகும் சுவர். மலையகத்தில் சுவர் வீட்டுக்கு வீடு மாறுகிறது.

வெள்ளைக்காரன் காலத்து லயங்களில் பல கருங்கல்லால் கட்டியவை. கல்லுக்கு இடையே சுண்ணாம்புச் சாந்தோ மண்ணோ. மேலே பூச்சு, அதன் மேல் ஆண்டுக்கு ஆண்டு அடித்த சுண்ணாம்பு. இந்தச் சுவரில் ட்ரில்லை வைத்தால் முதல் அரை அங்குலம் மாவாகக் கொட்டும், பிறகு பிட் கல்லில் முட்டி நிற்கும். சார்ஜ் ட்ரில்லில் சுத்தியல் படம் போட்ட நிலை ஒன்று இருக்கும். அதைப் போட்டால் கல்லும் துளைபடும் என்று கடையில் சொல்வார்கள். அந்தச் சுத்தியல் நிலையில் நடப்பது இவ்வளவுதான்: பல் வெட்டிய இரண்டு வட்டுகள் ஒன்றோடொன்று உரசி, பிட்டை நிமிடத்துக்குப் பல ஆயிரம் தடவை மெல்ல முன்னும் பின்னும் தள்ளும். அடியின் பலம் உங்கள் கை அழுத்தத்திலிருந்துதான் வர வேண்டும். செங்கல்லுக்கும் சாதாரணப் பூச்சுக்கும் அது போதும். மலைநாட்டுக் கருங்கல்லுக்குப் போதவே போதாது. பிட் சிவந்து முனை உருகும், பெட்டரி சூடேறும், கை வலிக்கும்.

கல்லைத் துளைக்க வேறு மெஷின் இருக்கிறது. ரோட்டரி ஹாமர் என்பார்கள். உள்ளே ஒரு பிஸ்டன் காற்றை அமுக்கி அடிக்கும், அழுத்தம் நம் கையிலிருந்து வர வேண்டியதில்லை. அதற்கான எஸ்.டி.எஸ் பிட்டின் அடிப்பகுதியில் பள்ளம் வெட்டியிருக்கும். 1975இல் போஷ் கொம்பனி கொண்டுவந்த முறை அது. கருங்கல் லயத்தில் இருக்கிறவர்களுக்கு நான் சொல்வது: அந்த வேலை வரும் நாளில் கரண்டில் ஓடும் ரோட்டரி ஹாமர் ஒன்றை வாடகைக்கோ இரவலுக்கோ எடுங்கள். வருஷத்தில் நாலு ஓட்டைக்காக சார்ஜ் ட்ரில்லில் பெரிய காசைப் போட வேண்டாம்.

அதற்கு முன்னால் இன்னொரு வழி. கல்லை விட்டுவிட்டு இரண்டு கல்லுக்கு இடையிலான சாந்தில் துளையுங்கள். பூச்சைச் சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனால் சத்தம் மாறும் இடத்தில் இடுக்கு இருக்கும். பழைய சுண்ணாம்புச் சாந்து ரோல் பிளக்கைப் பிடித்துக்கொள்ளாது, உருவி வந்துவிடும். என் அப்பா அதற்கு மரமுளை அடிப்பார். ஓட்டையை அகலமாக எடுத்து, காய்ந்த சவுக்குக் கட்டையைச் செதுக்கி இறுக அடித்து, அதில் ஸ்க்ரூ ஏற்றுவார். அவர் அடித்த முளையில் எங்கள் பழைய காம்பராவின் சாமிப்படத் தட்டு இன்னும் தொங்குகிறது. பாரமான தட்டு என்றால் சுவரை நம்பாமல் தரையில் நிற்கும்படி செய்வதே நல்லது.

லயங்கள் தோட்டத்துக்குச் சொந்தமானவை. 1992இல் தோட்ட நிர்வாகம் பிராந்திய கொம்பனிகளின் கைக்குப் போன பிறகும் அந்த நிலை மாறவில்லை. சுவரை உடைக்கிற, கதவை மாற்றுகிற வேலைக்கு ஒரு சொல் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். தட்டு அடிப்பதை யாரும் தடுப்பதில்லை.

புது வீடுகளின் கதை வேறு. 2017 மே மாதம் இந்தியப் பிரதமர் நோர்வூட்டுக்கு வந்து, ஏற்கெனவே கட்டிக்கொண்டிருந்த 4,000 வீடுகளோடு இன்னும் 10,000 என்று அறிவித்தார். அந்தத் திட்டத்தில் 7 பேர்ச் காணியில் தனித்தனியாக எழுந்த வீடுகளில் நான் உள்ளே போய்ப் பார்த்தவை சீமெந்துக் கல்லால் கட்டியவை. சீமெந்துக் கல்லில் உள்ளே வெறுங்கூடாக இருப்பதும் உண்டு, முழுக் கல்லும் உண்டு. கூடான கல்லில் சுத்தியல் நிலையைப் போடவே கூடாது. உள்பக்கம் பெயர்ந்து, 6 மில்லிமீட்டர் ஓட்டை வேண்டிய இடத்தில் கை நுழையும் பள்ளம் விழும். சாதாரணமாகச் சுழலும் நிலையில், முனையில் கார்பைட் பதித்த சுவர் பிட்டைப் போட்டு, அவசரப்படாமல் துளைத்தால் 12 வோல்ட் மெஷினே போதும். புது வீட்டுக்காரர்கள் சின்ன மெஷினோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று நான் துணிந்து சொல்வது இதனால்தான்.

மூன்றாவது, பலகையும் தகரமும். சமையல்கட்டு, ஆட்டுப்பட்டி, கோழிக்கூடு, மரக்கறித் தோட்டத்துக் கொட்டில் எல்லாம் இதில் அடக்கம். சார்ஜ் ட்ரில் தன் முழு வேலையையும் காட்டுவது இங்கேதான். கிராண்டிஸ் பலகை காய்ந்தால் கல் மாதிரி. நேரே ஸ்க்ரூவை ஏற்றினால் தலை முறியும், அல்லது பலகை ஓரம் பிளக்கும். 4 மில்லிமீட்டர் ஸ்க்ரூவுக்கு முதலில் 3 மில்லிமீட்டர் பிட்டால் வழி எடுத்துவிட்டு ஏற்றுங்கள். சப்பு, சவுக்கு இவ்வளவு பிடிவாதம் செய்யாது. தகரக் கூரைக்கு, ரப்பர் வளையம் போட்ட, தானே துளைத்துக்கொண்டு இறங்கும் ஸ்க்ரூ வந்திருக்கிறது. ஆணியைக் காற்று ஆட்டி ஆட்டி உருவிவிடும். ஸ்க்ரூ விடாது. ஆனி ஆடிக் காற்றில் கூரை பறந்த வீட்டுக்காரர்களுக்கு இதன் அருமை தெரியும்.

அஸ்பெஸ்டஸ் சீட் போட்ட கூரையை மட்டும் இந்த மெஷினால் தொடாதீர்கள். வேகமாகச் சுழலும் பிட் கிளப்பும் தூசி நுரையீரலுக்குள் போய்த் தங்கும். எல்லா வகை அஸ்பெஸ்டஸும் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. தவிர்க்கவே முடியாவிட்டால் சீட்டை நன்றாக நனைத்து, கைத்துளையால் மெதுவாகச் செய்ய வேண்டும். பிள்ளைகள் அந்தப் பக்கம் வரக்கூடாது.

வயர் உள்ள ட்ரில்லை ஏன் வாங்கக்கூடாது என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்வி. அதே காசுக்கு வயர் மெஷின் அதிக பலம் தரும், பெட்டரி செத்துப்போகும் கவலையும் இல்லை. ஒரே இடத்தில் இருந்து கொங்கிரீட்டில் வேலை செய்கிறவர் அதையே வாங்கட்டும். எங்கள் நிலைமை வேறு. பழைய லயங்களில் ஒரு காம்பராவுக்கு ஒரு பிளக் இருந்தால் பெரிது. அதிலிருந்து நீட்டிய வயர் ஈரத் தரையில் கிடக்க, ஒருவர் தூறலில் தகரத்தின் மேல் நின்று மெஷின் பிடிப்பதைப் பார்த்து நான் கத்தியிருக்கிறேன். 230 வோல்ட் அது. ட்ரிப் சுவிட்ச் வேலை செய்யாத வீடுகளும் உண்டு. சார்ஜ் மெஷினில் கையிலிருக்கும் 20 வோல்ட் ஆளைக் கொல்லாது. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் நின்றபோதும், சார்ஜ் ஏற்றி வைத்திருந்தவர்கள் கூரை வேலையை முடித்தார்கள்.

சுவருக்குள் ஓடும் வயர் சார்ஜ் ட்ரில்லையும் சும்மா விடாது. சுவிட்சுக்கும் பிளக்குக்கும் நேர் மேலேயும் நேர் கீழேயும் துளைக்காதீர்கள். சந்தேகம் இருந்தால் மெயினை நிறுத்திவிட்டுச் செய்யுங்கள். உங்கள் மெஷினுக்குத்தான் கரண்ட் வேண்டாமே.

வீட்டுக்கு மட்டுமா, வண்டிக்கும் இது வேண்டும். என் தம்பி திரீவீலின் பின்பக்கம் கண்ணாடிப் பெட்டி பூட்டி, விடிகாலையில் பாண், பணிஸ் ஏற்றிக்கொண்டு லயம் லயமாகப் போகிறவன். ஏப்ரல் வசந்த காலத்தில் நுவரெலியாவுக்குச் சனம் திரளும்போது அவனுடைய கூட்டாளி ஒரு பழைய வேனில் அடுப்பு வைத்து கிரகரி வாவிப் பக்கம் ரொட்டி போடுகிறான். இந்த வண்டிகளில் எல்லாம் தகரம், அலுமினியம், மெல்லிய இரும்புச் சட்டம். மேடு பள்ளத்தில் குலுங்கிக் குலுங்கி ஸ்க்ரூ கழன்றுகொண்டே இருக்கும். வண்டி நிற்கிற இடத்தில் பிளக் இருக்காது. ஒரு கிலோ எடையுள்ள 12 வோல்ட் மெஷினை சீட்டுக்கு அடியில் போட்டு வைத்திருக்கிறான் தம்பி.

மெல்லிய தகரத்தில் சாதாரண பிட் கடைசி நொடியில் மாட்டிக்கொண்டு தகரத்தையே சுற்றிவிடும், விரல் வெட்டும். படிப்படியாகப் பருக்கும் கூம்பு பிட் வாங்குங்கள், ஓட்டை வட்டமாக விழும். குலுங்கும் இடத்தில் தகர ஸ்க்ரூவை நம்பாமல் ரிவெட் அடியுங்கள், அல்லது நைலோன் வளையம் உள்ள நட் போட்டு போல்ட் பூட்டுங்கள். தரையிலோ பக்கத்திலோ துளைக்குமுன் அடியில் குனிந்து பார்த்துவிடுங்கள்: பெற்றோல் குழாய், பிரேக் குழாய், வயர்க் கட்டு எல்லாம் அங்கேதான் ஓடுகின்றன.

இங்கிலாந்தில் காருக்குப் பின்னால் கேரவன் இழுத்துக்கொண்டு ஊர் சுற்றுகிறவர்களும் இதே சின்ன மெஷினைத்தான் விரும்புகிறார்கள். கேரவனின் நான்கு மூலையிலும் திருகி இறக்கும் கால்கள் உண்டு. அதைக் கையால் சுற்றுவதற்குப் பதில் ட்ரில்லில் 19 மில்லிமீட்டர் சொக்கட் ஒன்றை மாட்டி நொடியில் இறக்கிவிடுவார்கள். அங்கும் தேவை எடை குறைவு, இடம் குறைவு, வண்டியிலேயே சார்ஜ். சார்ஜுக்கு ஒரு கணக்கு: 36 வோட்-மணிப் பெட்டரியை நிரப்ப, சார்ஜரில் வீணாவதையும் சேர்த்து 45 முதல் 50 வோட்-மணி போகும். 12 வோல்ட், 40 அம்பியர்-மணி உள்ள வேன் பெட்டரியில் இருப்பது 480. பத்தில் ஒரு பங்கு. இன்வெர்ட்டர் வைத்து ஓடும்போதே ஏற்றலாம். எஞ்சின் நின்றிருக்கும்போது திரும்பத் திரும்ப ஏற்றினால் காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகாது.

எங்கள் குளிரையும் சொல்ல வேண்டும். தை மாசியில் நுவரெலியாவில் புல்லில் உறைபனி படிந்து கொழுந்து கருகும். லித்தியம் பெட்டரி குளிரில் குறைவாகத்தான் கொடுக்கும். அது சூடேறினால் சரியாகிவிடும். ஆனால் 0 பாகைக்குக் கீழே இருக்கும் பெட்டரியை சார்ஜ் போட்டால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து நிரந்தரமாகக் கெட்டுவிடும். வண்டியில் இரவு கிடந்த பெட்டரியை வீட்டுக்குள் கொண்டுவந்து, ஒரு தேத்தண்ணி குடிக்கும் நேரத்துக்கு மேல் வைத்துவிட்டு சார்ஜ் போடுங்கள். அதற்காக அடுப்புக்கு மேல் விறகு காயவைக்கும் பரணில் வைக்காதீர்கள். 45 பாகைக்கு மேலும் சார்ஜ் ஆகாது. குளிரைவிட எங்கள் ஊரில் அதிகம் கெடுப்பது ஈரம். வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் மழை மாதங்களில் செருப்பே பூஞ்சணம் பிடிக்கும். பெட்டரியின் செப்புத் தகடுகள் பச்சை படிந்தால் மெஷின் விட்டுவிட்டு ஓடும். மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து, மாதம் ஒருமுறை காய்ந்த துணியால் துடையுங்கள். நீண்ட நாள் எடுக்காமல் இருப்பதென்றால் பாதி சார்ஜில் வைப்பது நல்லது.

மெஷினின் மற்ற உறுப்புகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பிட்டைப் பிடிக்கும் வாய் 10 மில்லிமீட்டர் போதும். 13 பெரிய வேலைக்கு. தலையில் இலக்கம் போட்ட வளையம் ஸ்க்ரூவுக்கானது: சிறிய இலக்கத்தில் தொடங்கினால், ஸ்க்ரூ இறங்கி முடிந்ததும் மெஷின் டக் டக் என்று தன் பிடியை விட்டுவிடும், தலை மழுங்காது. மேலே 1, 2 என்று கியர் இருந்தால் வாங்குங்கள், இல்லாவிட்டால் வேண்டாம். 1 ஸ்க்ரூவுக்கு, 2 துளைக்க. திருகுவிசையை நியூட்டன் மீட்டரில் சொல்வார்கள்: 12 வோல்ட் மெஷினில் 25 முதல் 35, 18 வோல்ட்டில் 40 முதல் 60. மோட்டாரில் கரி இருக்கிறதா என்று கேளுங்கள். கரி இல்லாத மோட்டார் நீண்ட நாள் உழைக்கும், அதே பெட்டரியில் அதிக நேரம் ஓடும், விலையும் கூட. மாதத்தில் சில தடவை எடுக்கும் வீட்டுக்குக் கரி மோட்டாரே போதும். தூக்கிப் பாருங்கள், அது மிக முக்கியம். நாள் முழுக்கக் கொழுந்து பறித்த தோள்பட்டையோடு வீட்டுக்கு வருகிற ஒருத்தி தலைக்கு மேல் தூக்கிப் பிடிக்கப்போகும் சாமான் இது. அரைக் கிலோ வித்தியாசம் அங்கே பெரிய வித்தியாசம். கடைக்காரர்கள் இதை ஆம்பிளைச் சாமானாக நினைத்துக் கையிலேயே தருவதில்லை. கேட்டு வாங்கிப் பிடித்துப் பாருங்கள்.

இந்தச் சின்ன மெஷின் இந்த நிலைக்கு வரக் காலம் எடுத்தது. 1961இல் அமெரிக்காவின் பிளாக் அண்ட் டெக்கர் முதல் வயரில்லா ட்ரில்லைக் கொண்டுவந்தபோது உள்ளே இருந்தது நிக்கல் காட்மியம் பெட்டரி. பாரம் அதிகம், பலம் குறைவு. 1971இல் அப்பலோ 15 விண்வெளி வீரர்கள் அதே கொம்பனியின் உதவியோடு செய்த பெட்டரி ட்ரில்லால் சந்திரனின் தரையைத் துளைத்தார்கள். லித்தியம் பெட்டரி ட்ரில்லுக்குள் வந்தது 2005 அளவில்தான். அதன்பிறகே எடை குறைந்து எங்கள் கைக்கு ஏற்றதானது.

காசு விஷயம். 2022 மார்ச்சில் ரூபாவை மிதக்கவிட்ட பிறகு இரண்டே மாதத்தில் டொலர் 200 ரூபாவிலிருந்து 350ஐத் தாண்டியது. இறக்குமதிச் சாமான் எல்லாம் அதோடு ஏறியது. 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபா ஆனது. அதன் பிறகு வந்த உயர்வைச் சேர்த்தாலும், மகிடா, போஷ் போன்ற பேர்போன கொம்பனி மெஷின் எங்கள் ஆட்களின் பல நாள் சம்பளத்துக்குச் சமம். ஆகவே நடுவில் நில்லுங்கள். இன்கோ, டோட்டல் போன்ற நடுத்தர விலைக் கொம்பனிகள் பெட்டரியில் 20 என்று நேராகவே போடுகின்றன. ஹட்டனிலோ கண்டியிலோ தனிப் பெட்டரி கிடைக்கிறதா, சார்ஜர் கெட்டால் மாற்றுக் கிடைக்கிறதா என்பதை முதலில் விசாரியுங்கள். மெஷின் சாவதற்கு முன் பெட்டரிதான் சாகும். அது தனியாகக் கிடைக்காவிட்டால் நல்ல மோட்டாரையும் தூக்கி எறிய வேண்டியதாகிவிடும். பெரிய மெஷினும் ஒரு பெட்டரியும் வாங்கும் காசுக்குச் சின்ன மெஷினும் இரண்டு பெட்டரியும் வருமானால் நான் இரண்டாவதையே எடுப்பேன்.

எங்கள் வரிசையில் சில வீடுகள் சேர்ந்து சீட்டுப் பிடிப்பதுபோலக் காசு போட்டு ஒரு 18 வோல்ட் மெஷின் வாங்கி வைத்திருக்கிறார்கள். ஒரு கொப்பியில் எடுத்தவர் பெயரும் திகதியும் எழுதுகிறார்கள். பிட்டை முறித்தவர் புதிது வாங்கி வைக்க வேண்டும், திருப்பிக் கொடுக்கும்போது பெட்டரி நிறைந்திருக்க வேண்டும். இந்த இரண்டு விதியில் சண்டையில்லாமல் ஓடுகிறது. தனித்தனியே வாங்கியிருந்தால் எல்லோர் கையிலும் மலிவு மெஷின்தான் இருந்திருக்கும்.

கடைக்குப் போகும்போது வீட்டிலிருந்து ஒரு காய்ந்த மரத்துண்டும் நாலு ஸ்க்ரூவும் கொண்டுபோங்கள். பெட்டரி ஏறியிருக்கும் மெஷினைக் கேட்டு வாங்கி, முதலில் பிட்டை மாட்டி வெறுமனே சுழல விடுங்கள். முனை வட்டம் போட்டு ஆடினால் அது வேண்டாம். விசையை மெல்ல மெல்ல அழுத்தினால் வேகமும் மெல்ல மெல்ல ஏற வேண்டும், ஒரேயடியாகப் பாயக்கூடாது. விட்டவுடன் நிற்க வேண்டும். பிறகு ஸ்க்ரூவை மரத்தில் ஏற்றுங்கள். சார்ஜரின் பிளக்கையும் பாருங்கள். பல வீடுகளில் இன்னும் உருண்டைப் பின் பிளக். இப்போது வருவது சதுரப் பின் 13 அம்பியர். தளர்ந்த அடப்டரில் சார்ஜரை இரவு முழுக்க விட்டுவிட்டுத் தூங்காதீர்கள்.

மெஷினில் மிச்சம் பிடித்த காசைப் பிட்டில் போடுங்கள். பெட்டியோடு இலவசமாக வரும் பிட்டுகள் கிராண்டிஸில் ஓர் ஓட்டைக்கே நீலம் பாய்ந்துவிடும். 3, 4, 6 மில்லிமீட்டரில் இரும்புக்கான நல்ல பிட், 6 மில்லிமீட்டரில் சுவர் பிட் இரண்டு, ஸ்க்ரூ தலைக்குப் பொருந்தும் முனைகள் ஒரு பிடி. தொடங்குவதற்கு இவை போதும். பில்லில் மெஷினின் சீரியல் நம்பரையும் உத்தரவாதக் காலத்தையும் எழுதி முத்திரை குத்தித் தரச் சொல்லுங்கள். பெட்டரிக்கு எத்தனை மாதம் என்று தனியாக எழுதச் சொல்லுங்கள், ஏனெனில் பெரும்பாலும் அது மெஷினைவிடக் குறைவாக இருக்கும். எழுதித் தர யோசிக்கும் கடையில் வாங்க வேண்டாம்.